பலகை காலி

இன்று காலை ஷிப்டில் சுரங்க வாயிலில் இருப்பவர்கள்: மேலாளர் தணிகாசலம் சார், பாறைப் பிளவுகளை அளந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற பூங்கோதை மேடம், பம்பு ஓட்டுகிற மாதப்பன், ஃபோர்மேன் இஸ்மாயில், அவருக்குக் கீழே துளை போடுகிற ஆட்கள் இருபத்திரண்டு பேர், டோக்கன் கொடுக்கிற நான். என் பெயர் சந்தியாகு. ஆக மொத்தம் இருபத்தேழு. என் மகன் ஆபேலைச் சேர்த்தால் இருபத்தெட்டு. சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவன் வந்தான். இந்த ஜன்னலுக்கு வெளியே நின்று கையை நீட்டினான். நான் டோக்கன் கொடுக்கவில்லை. டோக்கன் வாங்காதவன் வேலைக்கு வராதவன், அப்படிப் பார்த்தால் இருபத்தேழுதான் சரி. சரி என்று சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒன்று இருபத்தெட்டு என்கிறது. சைரன் ஊதி எல்லாரும் வெளியே வந்ததிலிருந்து இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் போய்வந்துகொண்டிருக்கிறேன். எதிரே பம்பு ஓடுகிறது. அறையின் தகரச் சுவர் அதிர்கிறது, மேஜைமேல் டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்குகிறது. கண்ணாடிக்குப் பின்னால் பம்பின் அழுத்தம் காட்டுகிற முள் இருபத்தொன்றைத் தாண்டிவிட்டது.

இந்த மலையைக் குடைந்து மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகப் போகிறார்கள். குடைந்த இடத்தில் பாறை முழுக்கப் பிளவு, பிளவு முழுக்க ஊற்று. அதை அடைக்கத் துளை போட்டு, சிமெண்ட் பாலைக் கரைத்து, அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றுகிறார்கள். ஆள் உள்ளே இருக்கும்போது இருபதுக்கு மேல் அழுத்தம் ஏற்றக் கூடாது என்பது விதி. ஆள் இருக்கிறானா இல்லையா என்று சொல்வது என் பலகை. வாயிலுக்குப் பக்கத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்த பலகை, அதில் ஆணிகள். உள்ளே போகிறவன் என்னிடம் தன் பித்தளை டோக்கனை வாங்கித் தன் கையால் அதில் மாட்டுவான், வெளியே வந்ததும் தன் கையால் எடுத்து என்னிடம் கொடுப்பான். ஒருவன் டோக்கனை இன்னொருவன் மாட்டக் கூடாது, எடுக்கவும் கூடாது. அண்ணன் தம்பியானாலும் விடமாட்டேன். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு இந்த வேலையைக் கொடுத்ததே இந்தப் பிடிவாதத்துக்காகத்தான். இஸ்மாயில் சொல்லிச் சிரிப்பார், "ஐயா, மேல மோட்ச வாசல்ல காவல் நிக்கிற பேதுருவுக்கு லீவு வேணும்னா உங்களத்தான் கூப்பிடுவாங்க. ஆனா ஒண்ணு, ஒருத்தனும் உள்ள போக மாட்டான்." எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். இன்று அந்தச் சிரிப்பு வேறு மாதிரி கேட்கிறது. உள்ளே போகவிடாதவன். நான் விடவில்லை. விடாததால்தான் போனானா. போனானா என்பதே தெரியாது. நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது.

ஷிப்டு மணி அடித்த பிறகு வந்தான், அவ்வளவுதான். வேறு யாராவது வந்திருந்தால் முறைத்துவிட்டாவது கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேனா? இல்லை, அவனுக்கு முன்னால் ஒருவனையும் அப்படி விட்டதில்லை, சொந்தப் பிள்ளை என்று விட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு மற்றவனை நிறுத்துவது. "மணி அடிச்சாச்சுடா" என்றேன். "தெரியுது. பஸ் கீழயே நின்னுடுச்சு, நடந்து வர்றேன்" என்றான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. "மணி அடிச்சாச்சு" என்று திரும்பவும் சொன்னேன். என்னைப் பார்த்தான். "அப்பா, உங்க தகரத்தத் தொங்கவிட்டாத்தான் மலைக்கு என்னத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுக் கேன்டீன் பக்கமாகத் திரும்பினான். திரும்பியதைப் பார்த்தேன். அது வரைக்கும் சத்தியம். பித்தளை, தகரம் இல்லை. அதை அவனிடம் சொல்ல வாய் எடுத்தேன் என்பதையும் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அவன் வருவான் என்று முன்கூட்டியே அவன் டோக்கனை மேஜை டப்பாவிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தேன். தினமும் அப்படித்தான், அவனுக்கு மட்டும் எடுத்து வைத்திருப்பேன், அவனுக்குத் தெரியாது. பதினேழாம் எண். திரும்ப டப்பாவில் வைக்காமல் சட்டைப் பைக்குள் போட்டேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது, மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சில் படுகிறது.

அவன் போனதும் மேடம் வந்து என் மேஜையில் கம்ப்யூட்டரை வைத்தார். ஜெனரேட்டர் லைன் இந்த அறைக்குத்தான் வருகிறது. என் முகம் வாடியிருந்ததைப் பார்த்தோ என்னவோ, "பெரியவரே, இதப் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும், எல்லாம் எண்ணிக்கைதான்" என்றார். யாரும் எனக்கு எதையும் உட்கார்ந்து விளக்கினதில்லை. சுரங்கத்துக்குள் அளந்த பிளவுகள் நூற்று நாற்பத்துமூன்று, ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளி. "ரெண்டு உள்ளங்கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். "இப்ப பக்கவாட்டுல இழுங்க. வரலல்ல? பிளவும் அப்படித்தான். மலையோட பாரம் அழுத்திப் பிடிச்சிருக்கு. அதே பாரம்தான் பக்கவாட்டுலயும் இழுக்குது. பிடி எவ்வளவு, இழுப்பு எவ்வளவுன்னு இந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு பிளவுக்கும் கணக்குப் போடும்." வலப்பக்கம் போகப் போகப் பிடி அதிகம், மேலே போகப் போக இழுப்பு அதிகம். குறுக்கே சாய்வாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கும் வரை பிளவு அசையாது, தாண்டினால் வழுக்கும். "இதுக்குள்ள தண்ணியோ சிமெண்ட் பாலோ போனா?" என்று கேட்டேன். கேட்டது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். மேடம் சிரித்தார். "அப்படிக் கேளுங்க. ரெண்டு கைக்கும் நடுவுல பூந்து பிரிக்கப் பார்க்கும். பிடி தளரும். பாருங்க." ஒரு எண்ணை மாற்றினார். நூற்று நாற்பத்துமூன்று புள்ளிகளும் ஒரே நேரத்தில், யாரோ கட்டளை கொடுத்ததுபோல, இடப்பக்கம் நகர்ந்தன. நீலம் மஞ்சளானது, மஞ்சள் சிவப்பானது. மேடம் முகம் மாறியது. "இருபதுலயே இது இவ்வளவு கிட்ட வருதே" என்று எழுந்துபோய் மேலாளரைக் கூப்பிட்டார். அந்த நேரம்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். முதுகு வாயில் பக்கம். எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிறவன் அதை எண்ணவில்லை.

மேலாளர் வந்து திரையைப் பார்த்து ஆட்களை வெளியே எடுக்கச் சொன்னார், சைரன் ஊதினார்கள். இஸ்மாயிலும் ஆட்களும் வந்தார்கள், ஒவ்வொருவனாகத் தன் டோக்கனை எடுத்தான். இருபத்துமூன்று மாட்டியது, இருபத்துமூன்று எடுத்தது. பலகை காலி. எல்லாரையும் கீழே கேன்டீன் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே மேலாளர், மேடம், நான், பம்படியில் மாதப்பன். ஊற்றை இன்றே அடைக்க முப்பது வரைக்கும் ஏற்றலாம் என்றார் மேலாளர். மேடம் சொன்னார், "சார், இப்பவே பம்ப நிறுத்திட்டு ரெண்டு நாள் பார்க்கலாம். முப்பது வரைக்கும் ஏத்தினா பதினொரு பிளவு கோட்டைத் தாண்டும். வழுக்கும். எவ்வளவு வழுக்கும், மேல் பாறை நிக்குமான்னு இது சொல்லாது." மேலாளர் கெட்டவர் இல்லை, அதையும் சரியாகச் சொல்ல வேண்டும். அவர் கேட்டார், "ஆள் உள்ள இருக்கானா?" மேடம் பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இல்ல சார்." "அப்ப வழுக்கட்டும்மா. வழுக்கிறதா இருந்தா ஆள் இல்லாத இன்னைக்கே வழுக்கிடட்டும். நாளைக்கு இருபது பேர் தலைக்கு மேல வேண்டாம். கரைச்ச பால் வேற இறுகிடும்." மேடம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். நியாயம்தான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மாதப்பன் பலகையைப் பார்த்தான், காலி, கட்டை விரலை உயர்த்திக் காட்டினான், பம்பை ஏற்றினான். அப்புறம்தான் நான் பூட்ஸ் அலமாரியைப் பார்த்தேன்.

ரப்பர் பூட்ஸ்களை வாயிலுக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருப்பார்கள், கட்டத்துக்குக் கட்டம் எண் போட்டு. வெளியே வந்தவர்கள் கழற்றி வைத்துவிட்டுத்தான் கேன்டீனுக்குப் போனார்கள். பதினேழாம் கட்டத்தில் பூட்ஸ் இல்லை. ரப்பர் செருப்பு ஒரு ஜோடி இருக்கிறது, இடது வார் அறுந்து கம்பியால் கட்டியது. அந்தக் கம்பியைக் கட்டிக்கொடுத்தது நான். ஒருவேளை பூட்ஸை மாட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போயிருப்பான், கோபத்தில் செருப்பை விட்டிருப்பான். ஒருவேளை வேறு யாராவது அவன் பூட்ஸை எடுத்திருப்பார்கள். கேன்டீனில் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அவனுக்கு இரண்டு தடவை போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள் அந்தப் பெண், தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. கேன்டீனில் இருக்கிறவன் போன் எப்படி எல்லைக்கு வெளியே போகும். சுரங்கத்துக்குள்தான் சிக்னல் இல்லை. இஸ்மாயிலுக்கும் போட்டேன், எடுக்கவில்லை. உள்ளே மூன்றாவது பொந்து என்று ஓர் இடம் உண்டு, சாமான் வைக்கப் பக்கச் சுவரில் குடைந்தது. மனசு சரியில்லை என்றால் ஆட்கள் அங்கே போய்ச் சாக்கு விரித்துப் படுப்பார்கள். "காதுல பஞ்ச வச்சுட்டுப் படுத்தா உலகமே இல்லப்பா" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். சைரன் கேட்குமா பஞ்சு வைத்த காதுக்கு. மேடம் காலையில் விரல் வைத்துக் காட்டினார், கோட்டுக்கு ரொம்பக் கிட்ட வந்த புள்ளி, இருபத்தெட்டில் முதலில் தாண்டப்போகிற புள்ளி, "இது மூணாவது பொந்துக்கு மேல ஓடுற பிளவு" என்று. அப்போது அது எனக்கு வெறும் புள்ளி. இப்போது திரையில் அதை மட்டும்தான் பார்க்கிறேன். முள் இருபத்துமூன்று. புள்ளி சிவப்பாக இருக்கிறது. இடப்பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தது. அடி இல்லை, மயிரிழை. மயிரிழைதான்.

வாயைத் திற சந்தியாகு. திறந்தேன். "மேடம், ஒரு ஆள்..." என்றேன். பம்பு சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன பெரியவரே, போர்டு என்ன சொல்லுது?" என்று கேட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "காலி மேடம்." சொன்னது பொய் இல்லை. பலகை காலிதான். பலகையைப் பற்றிக் கேட்டால் பலகையைப் பற்றித்தானே சொல்ல வேண்டும். முப்பது வருஷ நாக்கு, அதற்கு வேறு வார்த்தை தெரியவில்லை. "நல்லது" என்று சொல்லிவிட்டு மேடம் அடுத்த எண்ணைத் தட்டினார். நல்லது. இருபத்துநான்கு. என் கையாலேயே கதவைச் சாத்தியதுபோல இருந்தது.  சிமெண்ட் வாசனை தொண்டைக்குள் மாவாக ஒட்டுகிறது.

ஆபேலுக்கு அப்போது ஏழு வயது. வேறொரு அணைக்கட்டு வேலை, குவார்ட்டர்ஸ் பக்கத்தில் பெரிய பெரிய சிமெண்ட் குழாய்கள் அடுக்கியிருக்கும். எதற்கோ திட்டினேன், எதற்கு என்று நினைவில்லை, போய் ஒரு குழாய்க்குள் உட்கார்ந்துகொண்டான். நானும் அவன் அம்மா செசிலியும் பொழுது சாயும் வரை தேடினோம். அந்தக் குழாயைத் தாண்டி நாலைந்து தடவை போயிருக்கிறேன். கடைசியில் பசித்து அவனாகவே வந்தான். "கூப்பிட்டது காதுல விழலையாடா?" என்று செசிலி அழுதாள். அவன் சொன்னான், "அப்பா என்னக் கூப்பிடல. பையன் எங்க, பையன் எங்கன்னு மத்தவங்களத்தான் கேட்டாரு." அது நிஜம். வெட்கத்தில் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை, பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் பிள்ளை பெயரைச் சொல்லி ஊளையிட எனக்கு வராது. கோபம் வந்தால் அவன் பதில் சொல்லமாட்டான், கூச்சம் வந்தால் எனக்குக் குரல் வராது, இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு. அவள் இருந்திருந்தால் இந்நேரம் மேலாளர் சட்டையைப் பிடித்திருப்பாள். இருபத்தைந்து. கேன்டீனில் இருப்பான். டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, கிழவன் தவிக்கட்டும் என்று போனை அணைத்து வைத்திருப்பான். அப்படி இருக்கட்டும். அப்படி இருந்தால் ஆயுசுக்கும் அவன் லேட்டாக வரட்டும், ஒன்றும் கேட்கமாட்டேன். அப்படி இருந்தால், இருந்தால், என்று சொல்லும்போதே கம்பி கட்டின செருப்பு கண் முன்னால் வருகிறது. கேன்டீன் போய்ப் பார்த்து வரவா. இறங்கி ஏற இந்த முழங்காலுக்கு எவ்வளவு ஆகும், அதற்குள் முப்பது. உள்ளே ஓடவா. மூன்றாவது பொந்து முக்கால் கிலோமீட்டர். ஓடுகிற வயசா. நடுவழியில் நானும் கிடப்பேன், பலகையில் இல்லாதவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவோம்.

எழுந்து மேலாளரிடம் போனேன். கதவுக்கு வெளியே நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதுக்கிட்ட போய், "சார், என் பையன் உள்ள இருக்கான்னு நினைக்கிறேன்" என்றேன். நினைக்கிறேன் என்று சொல்லியிருக்கக் கூடாது. இருக்கிறான் என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாததை எப்படித் தெரியும் என்பது. "யாரு, ஆபேலா? டோக்கன் போட்டானா?" "இல்ல சார்." "நீங்க கொடுத்தீங்களா?" "கொடுக்கல." "உள்ள போனதப் பார்த்தீங்களா?" "பார்க்கல சார்." அவர் என் தோளில் கை வைத்தார். "ஐயா, போன மாசம் மூணு பேர் சத்தியம் பண்ணாங்க, வேலு உள்ள இருக்கான்னு. பம்ப நிறுத்தி, அரை நாள் தேடி, கடைசில அவன் டீக்கடைல ரம்மி ஆடிட்டு இருந்தான். அன்னைக்கே சொல்லிட்டேன், இனிமே யார் வாயையும் நம்ப மாட்டேன், உங்க பலகையத்தான் நம்புவேன்னு. பலகையில இல்லன்னா இல்ல. உங்களுக்குத் தெரியாததா?" எனக்குத் தெரியாததா. அந்த விதியை அவர் போட்டபோது தலை நிமிர்ந்து நின்றேன். "கேன்டீன்ல இருப்பான், போன் பண்ணிப் பாருங்க" என்று முள் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பலகை. நான் பெயிண்ட் அடித்து, நான் ஆணி அடித்து, யாரையும் தொடவிடாமல் காத்த பலகை. அதற்கு முன்னால் என் வார்த்தைக்கு மதிப்பில்லை. என் மதிப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. இருபத்தாறு. மாதப்பனைக் கூப்பிட்டேன். அவன் காதை மூடிய கவசம் போட்டிருக்கிறான், கையசைத்தால் சிரிக்கிறான், தண்ணீர் கேட்கிறேன் என்று நினைத்து பாட்டிலைத் தூக்கிக் காட்டுகிறான். ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன்னால் என்னைப் பார்ப்பதில்லை, மேலாளரைப் பார்ப்பதில்லை, பலகையைப் பார்க்கிறான். பார்த்தான். காலி. கையை லீவரில் வைத்தான். இருபத்தேழு.

உள்ளே இருந்து மேடம் குரல், "சார், அடுத்ததுல முதல் பிளவு தாண்டும்." என் கை எப்போது சட்டைப் பைக்குள் போனது என்று தெரியவில்லை. பித்தளை சூடாக இருந்தது, என் நெஞ்சுச் சூடு. ஒருவன் டோக்கனை இன்னொருவன் மாட்டக் கூடாது. போகாதவன் டோக்கன் பலகையில் ஏறினால் பலகை பொய். அவன் கேன்டீனில் இருந்தால் பலகை பொய், நான் பொய், நாளைக்கு என்னை யாரும் நம்பப்போவதில்லை, நானே நம்பமாட்டேன். அவன் பொந்தில் படுத்திருந்தால் இத்தனை நேரமும் பலகை பொய். இரண்டில் எது என்று தெரியாமல் ஆணிகளுக்கு முன்னால் நிற்கிறேன், ஓட்டை ஆணியில் சிக்க மறுக்கிறது, டோக்கன் ஆணித் தலையில் பட்டு டிக் டிக் என்கிறது, அந்தச் சத்தம் மட்டும் பம்பைத் தாண்டிக் கேட்கிறது எனக்கு. இருபத்தேழா இருபத்தெட்டா. இருபத்தெட்டு. சேர்த்துக்கொள், சந்தியாகு, அவனைச் சேர்த்துக்கொள். மாட்டிவிட்டேன்.

மாதப்பன் நிமிர்ந்து பார்த்தான். சிரிப்பு போயிற்று. லீவரைக் கீழே தள்ளினான். பம்பு இருமி இருமி நின்றது. தகரம் அதிர்வதை நிறுத்தியது. இவ்வளவு அமைதியை இந்த இடத்தில் நான் கேட்டதில்லை. "எவன்யா மாட்டினது?" என்று மேலாளர் கத்தினார். "நான்தான் சார்." "எடுங்க அதை!" "அவன்தான் வந்து எடுக்கணும்" என்றேன். குரல் வந்தது. முள் இருபத்தெட்டைத் தொட்டுவிட்டு மெதுவாக இறங்குகிறது. மேடம் திரைக்கு முன்னால் குனிந்திருக்கிறார். அந்தப் புள்ளி கோட்டின் மேலேயே நிற்கிறது, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மாதப்பன் இஸ்மாயிலைக் கூப்பிடக் கேன்டீன் சரிவில் ஓடுகிறான். நான் சுரங்க வாயில் வரைக்கும் போய் நின்றேன். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது, எங்கோ கல் ஒன்று உருண்டு நின்றது. மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார், மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். "ஆபேல்" என்று கத்தினேன். "ஆபேல், அப்பாடா, உன்னத்தான்டா கூப்பிடறேன், ஆபேல்." என் குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, திரும்பி வரக் காணோம். வந்து அவன் கையால் எடுக்கட்டும். அது வரைக்கும் பலகையில் மீதி ஒன்று.